அம்மாளிடம் கேட்ட கேள்வி

"செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு வரமாட்டன் மிஸ். அண்டைக்கு எனக்குக் கோயில் இரிக்கு."

படுவான்கரைக் கிராமம் ஒன்றில், தனது வீட்டுத் திண்ணையில் இருந்தபடி அந்த அக்கா இதைச் சொன்னபோது நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதங்கள்தான் ஆகியிருந்தன. சமூகவியலில் பட்டம் பெற்று, உளவளத்துணைப் பயிற்சியும் முடித்து, கையில் ஒரு கோவையோடு வீடு வீடாகச் சென்ற காலம் அது. அக்காவின் கணவர் 2007 ஆம் ஆண்டு சந்தைக்குப் போனவர், திரும்பி வரவேயில்லை. அக்காவுக்கு நித்திரை இல்லை. நெஞ்சு பதறும். சமைத்துக்கொண்டிருக்கும்போதே யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல எழும்பிப் படலைக்கு ஓடுவார். வைத்தியசாலையில் கொடுத்த குளிசைகள் அடுப்படிக் கூரையில் செருகியபடியே கிடந்தன. பக்கத்து ஊர்க் காளி கோயிலில் ஒரு அம்மா தெய்வமாடி வாக்குச் சொல்கின்றார். செவ்வாய் தவறாமல் அக்கா அங்கேதான் போவார்.

அன்று மாலை எனது குறிப்பேட்டில் "மூடநம்பிக்கை. விழிப்புணர்வு தேவை" என்று எழுதினேன். அந்தக் குறிப்பேடு இன்றும் என்னிடம் இருக்கின்றது.

சகோதரிகளே, அதை நான் கோபத்தில்தான் எழுதினேன். அந்தக் கோபம் பல்கலைக்கழகத்தில் படித்து வந்ததல்ல, வீட்டிலிருந்து வந்தது.

1990 ஜூன் மாதம் மீண்டும் யுத்தம் தொடங்கிய பின்னர் மட்டக்களப்பு மாவட்டம் பட்டபாட்டை உங்களில் பலர் என்னைவிட நன்றாக அறிவீர்கள். செப்டெம்பர் 5 ஆந் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள். அதே மாதத்தில், வேறொரு சுற்றிவளைப்பில், என் அம்மாவின் தம்பியும் கொண்டுபோகப்பட்டார். எனக்கு அப்போது இரண்டு வயது. மாமாவின் முகம் எனக்கு அடையாள அட்டைப் படத்தில் மட்டுந்தான் தெரியும்.

எனக்கு ஏழு வயது இருக்கும்போது அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு ஒரு கோயிலுக்குப் போனார். தெய்வமாடியவர் அம்மாவின் தலையில் வேப்பிலையால் தடவிச் சொன்னார்: "இரிக்கான். தண்ணிக்கு அங்கால இரிக்கான். வருவான்." திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா சிரித்த முகத்தோடு நடந்தது நினைவிருக்கின்றது. அதன் பின்னர் பத்து வருடங்களுக்கு மேலாக, சனிக்கிழமை மதியச் சாப்பாட்டில் ஒரு கோப்பை மாமாவுக்கென்று மூடி வைக்கப்பட்டது. அம்மம்மா தன் மகனுக்கு ஒரு எள்ளுத்தண்ணீர்கூட இறைக்காமல், அவன் வருவான் என்றபடியே கண்ணை மூடினார். வளர்ந்த பின்னர் எனக்கு அந்த "இரிக்கான்" என்ற சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் நிலையத்தின் மூத்த களப்பணியாளர் ஒருவர் என் குறிப்பேட்டைப் பார்த்தார். "மூடநம்பிக்கை எண்டு எழுதுறது சுகம். ஒருக்கா அவவோட போய்ப் பாத்திட்டு வந்து எழுதன்" என்றார். எரிச்சலாக இருந்தாலும் போனேன்.

தகரக் கூரை போட்ட சிறிய கோயில், மணல் முற்றம். முற்றத்தில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். வாக்குச் சொல்லும் அம்மா விடியற்காலையில் இடியப்பம் அவித்து விற்பவர் என்றும், அவருடைய ஒரு மகனும் காணாமல் போனவர் என்றும் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். சாம்பிராணிப் புகையும் உடுக்கும் எழும்ப, மஞ்சள் சேலை கட்டிய அந்த அம்மாவின் உடம்பு நடுங்கத் தொடங்கியது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பிள்ளைக்குக் காய்ச்சல், மாடு காணவில்லை, மகளுக்குக் கலியாணம் சரிவரவில்லை என்று ஊர்க் கவலைகள் எல்லாம் வந்தன.

எங்கள் அக்கா முன்னுக்குப் போனபோது அவர் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. தன் இரண்டு கைகளையும் கட்டிவைத்ததுபோல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அப்படியே மணலில் விழுந்தார். முனகினார். தண்ணீர் கேட்டார். அக்கா ஓடிப்போய் அவரைத் தூக்கி மடியில் கிடத்தி, "நீங்களா, நீங்களா" என்று குழறி அழுதார். சுற்றியிருந்த பெண்கள் அத்தனைபேரும் அழுதார்கள். ஒருவரும் யாரையும் "அழாதே" என்று சொல்லவில்லை. நானும் அழுதேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு அந்த அம்மா எழும்பி, அக்காவின் உச்சி முதல் பாதம் வரை வேப்பிலையால் தடவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஒரு தேசிக்காயும் குளிக்க அவிப்பதற்கு ஒரு கட்டு இலையும் கொடுத்து அனுப்பினார். திரும்பும் வழியில் பஸ்ஸில் அக்கா என் தோளில் சாய்ந்து நித்திரையானார். அவர் நித்திரை கொண்டதை நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அந்த அக்கா தன் கதையை எத்தனை இடங்களில் சொல்லியிருப்பார்? பொலிஸ், ஆணைக்குழுக்கள், வெளிநாட்டவர்கள், எங்களைப் போன்ற நிறுவனங்கள். எல்லா இடத்திலும் ஒரு படிவம் இருந்தது. எந்த ஆண்டு, எந்த இடம், என்ன உடுப்பு, சாட்சி உண்டா? நானும் அவற்றைத்தான் கேட்டேன். அந்த மனிதர் என்ன பாடுபட்டிருப்பார் என்று அக்காவோடு சேர்ந்து நினைத்துப் பார்த்து நிலத்தில் விழுந்து அழுதவர், இடியப்பம் விற்கும் அந்த அம்மா ஒருவர்தான்.

பின்னர் தேடிப் படித்தபோது, நான் கண்டதை எனக்கு முன்னரே ஒருவர் எழுதி வைத்திருப்பது தெரிந்தது. பற்றீசியா லோறன்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் தொண்ணூறுகளில் மட்டக்களப்பில் தங்கி ஆய்வு செய்தவர். 2000 ஆம் ஆண்டு வெளியான அவருடைய கட்டுரை முழுவதும் இந்தத் தெய்வமாடும் மனிதர்களைப் பற்றியதே. யுத்தம் கடுமையாக இருந்த காலத்தில் அம்மன் கோயில்களில் வாக்குக் கேட்க வந்தவர்களின் கூட்டம் பெருகியது. காணாமல் போனவரின் வேதனையைத் தெய்வமாடுபவர் தன் உடம்பில் காட்டினார். தெருவிலும் வீட்டிலும் வாய் திறக்கப் பயந்த சனங்கள் அங்கேதான் அதைச் சத்தமாகக் கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரிக்கே சொல்லப் பயந்ததை அம்மாள் தானாகவே எடுத்துச் சொன்னால் யார் மீது குற்றம் சுமத்துவது!

இன்னொன்றையும் கவனித்தேன். பெரிய கோயில்களில் பெண் கருவறைக்குள் போக முடியாது. இங்கே பள்ளிக்கூடம் அதிகம் போகாத ஒரு ஏழைப் பெண் முன் ஆண்களும் கைகூப்பி நிற்கின்றார்கள். பேராசிரியர் கணநாத் ஒபயசேகர கதிர்காமத்தில் சடைமுடி வளர்த்துத் தெய்வமாடிய பெண்களைப் பற்றி 1981 இல் ஒரு நூல் எழுதினார். சொந்த வாழ்க்கையில் அடிபட்டு நொந்த பெண்களின் துன்பமே பின்னர் அவர்களுடைய சக்தியாக மாறியதை அதில் காணலாம். பல்கலைக்கழகத்தில் அதைப் பரீட்சைக்காகப் படித்தேன். விளங்கியது அந்த மணல் முற்றத்தில்தான்.

யுத்தம் நடந்த வேறு நாடுகளிலும் இப்படி உண்டு. ஆபிரிக்காவில் மொசாம்பிக் நாட்டின் உள்நாட்டு யுத்தம் 1992 இல் சமாதான உடன்படிக்கையோடு முடிந்தது. அதன் பின்னர் கொரொங்கோசா என்ற பகுதியில், முறையாக அடக்கம் செய்யப்படாமல் இறந்துபோன சிப்பாய்களின் ஆவி கிராமத்துப் பெண்களைப் பிடிப்பதாக நம்பினார்கள். அதைக் "கம்பா" என்று அழைத்தார்கள். நாட்டு வைத்தியர் மூலிகையோடும் பறையோடும் அந்த ஆவியைப் பேச வைப்பார். அது குடும்பத்தார் முன்னிலையில் தனக்கு நடந்த அநியாயத்தைச் சொல்லும். குடும்பத்தவர்கள் உட்கார்ந்து கேட்கத்தான் வேண்டும்.

கேட்பது! எங்கள் மண்ணின் சடங்கிலும் அதுதான் முதலில் வருகின்றது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக் கண்ணகி அம்மன் கோயில்கள் பல ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே இருக்கும். வைகாசியில் கதவு திறந்து சில நாட்கள் சடங்கு நடக்கும். அந்த நாட்களில் கண்ணகி வழக்குரை படிப்பார்கள். பண்டிதர் வி.சீ. கந்தையா 1968 இல் பதிப்பித்த காவியம் அது. கணவனைக் கள்வன் என்று சொல்லிக் கொன்ற அரசனிடம் போய் நியாயம் கேட்ட பெண்ணின் வழக்கு முழுவதையும் ஊர் கூடியிருந்து கேட்கும். கடைசி நாளில்தான் குளிர்த்தி. ஊரை எரித்த கோபத்தோடு வந்தவளைப் பாட்டாலும் நீராலும் இலையாலும் குளிர வைப்பார்கள். முதலில் வழக்கு, பிறகு குளிர்த்தி. நாங்களோ எத்தனை பெண்களிடம் வழக்கைக் கேட்காமலே "மறந்திட்டுப் பிள்ளைகளப் பாருங்கோ" என்று சொல்லியிருக்கின்றோம்? கண்ணகியிடம் அப்படிச் சொல்ல இந்த ஊரில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

இனி அந்த இலைக் கட்டுக்கு வருகின்றேன். அக்கா வீட்டில் அவிழ்த்துப் பார்த்தேன். நொச்சி, பாவட்டை, வேம்பு. அம்மம்மா பிள்ளை பெற்ற பெண்களுக்கு அவித்து வார்த்த அதே இலைகள்! எங்கள் ஊர்களில் கோயிலையும் மருந்தையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. அம்மாள் வருத்தம் வந்தால் வேப்பிலை கட்டுகிறோம், அது தெய்வமும் மருந்துந்தான். வேப்பிலைத் தண்ணீர் துக்கத்தைப் போக்கும் என்று நான் எழுத மாட்டேன். ஆனால் பல நாட்களாகத் தலைக்கு வார்க்காமல் கிடந்த பெண் ஒருத்தி, அம்மாள் சொல்லிவிட்டாள் என்பதற்காக எழும்பி அடுப்பு மூட்டுகின்றாள். அவளுடைய தங்கச்சி வந்து தண்ணீர் வார்த்துவிடுகின்றாள். ஒரு சிரட்டைக் கொத்தமல்லிக் குடிநீரை யாரோ ஆற்றிக் கையில் கொடுக்கின்றார்கள். இதை நான் கண்ணால் கண்டிருக்கின்றேன்.

மூலிகை என்றாலே ஏளனமாகப் பார்க்கும் படித்தவர்களுக்கு ஒரு செய்தி. சர்ப்பகந்தா என்ற செடியின் வேரை இந்திய வைத்தியர்கள் நீண்ட காலமாகச் சித்தக் கலக்கத்துக்குக் கொடுத்து வந்தார்கள். 1931 இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர் அதை ஆங்கில மருத்துவ உலகத்துக்கு எழுதி அறிவித்தார்கள். 1952 இல் அந்த வேரிலிருந்து ரிசர்ப்பின் என்ற மருந்து பிரித்தெடுக்கப்பட்டு, மனநோய் வைத்தியசாலைகளிலும் இரத்த அழுத்தத்துக்கும் உலகெங்கும் பயன்பட்டது. ஆனால் அதைக் குடித்தவர்களில் சிலருக்குக் கடும் மனச்சோர்வு ஏற்பட்டதையும் வைத்தியர்கள் கண்டார்கள். பின்னர் வேறு மருந்துகள் அதன் இடத்தைப் பிடித்தன. வேலை செய்யும் இலையும் வேரும் தீங்கும் செய்யக்கூடியவை. ஊமத்தை விதை அரைத்துக் கொடுத்தால் புத்தி தடுமாறும், உயிரும் போகலாம். மருந்து குடிப்பதென்றால் முறையாகப் படித்துப் பதிவு பெற்ற சித்த வைத்தியரிடம் போங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகின்றது. ஆஸ்பத்திரிக் குளிசை ஏதாவது போடுகிறீர்கள் என்றால் அதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டு, என் கோபத்தில் நியாயமே இல்லை என்று முடித்துவிட முடியாது.

ஒரு இளம் தாய். பிள்ளை பிறந்து இரண்டு மாதம். காதில் குரல் கேட்கின்றது, பிள்ளையைத் தூக்க மறுக்கின்றாள். பேய் என்று சொல்லி ஒரு கட்டாடியிடம் கொண்டுபோனார்கள். மிளகாய்ப் புகை பிடித்தார். பிரம்பால் அடித்தார். அவள் போட்டுக்கொண்டிருந்த குளிசையை நிறுத்தச் சொன்னார். அவளுடைய தோடும் சங்கிலியும் செலவாகிப் போயின. நாங்கள் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது அவளால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. அவள் இன்று நன்றாக இருக்கின்றாள், பிள்ளை பாலர் பாடசாலைக்குப் போகின்றது. அந்தப் பிரம்புத் தழும்பு மட்டும் போகவில்லை. இன்னொரு வீட்டில் மனைவி அழுது கத்துவதற்குப் பேய் காரணம் என்று கணவன் சொன்னான். அவளுடைய முதுகைப் பார்த்தபோது எது பேய் என்று எங்களுக்கு விளங்கியது.

ஆகவே இப்போது ஒரு பெண் கோயிலுக்குப் போகிறேன் என்று சொன்னால் நான் மறிப்பதில்லை, கேள்வி கேட்கின்றேன். எவ்வளவு காசு கேட்கிறார்? பெண்ணைத் தனியே, இரவில் வரச் சொல்கிறாரா? அடிக்கிறாரா? குளிசையை நிறுத்தச் சொல்கிறாரா? இவற்றில் ஒன்றுக்கு "ஓம்" என்று பதில் வந்தாலும் அது அம்மாளின் இடமல்ல. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகின்றவர்களும், குரல் கேட்கின்றவர்களும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் கிராமப் பணியாளர்களைப் பயிற்றும்போது மூச்சுப் பயிற்சியோடு சைவர்களுக்கு மந்திர செபத்தையும், கத்தோலிக்கருக்குச் செபமாலையையும், முஸ்லிம்களுக்குத் திக்ரையும் சேர்த்துக்கொண்டார்கள். வைத்தியம் தெரிந்தவர்களே இரண்டையும் எதிரிகளாகப் பார்க்கவில்லை.

ஒரு நாள் காலையில் அந்த வாக்குச் சொல்லும் அம்மாவைத் தேடி அவருடைய வீட்டுக்குப் போனேன். இடியப்பத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். உங்களிடம் வருபவர்களுக்குக் குளிசையையும் போடச் சொல்வீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். சிரித்தார்.

"எனக்கே பிறசர் குளிசை இரிக்குகா புள்ள. நான் சொன்னா அவள் கேக்கமாட்டாள். அம்மாள் சொன்னாக் கேப்பாள்."

அடுத்த செவ்வாய் அம்மாள் சொன்னாள்: "ஆஸ்பத்திரி மருந்த என்ட தீர்த்தத்தோட குடி." அக்கா வீட்டுக் கூரையிலிருந்து குளிசை இறங்கியது. அக்காவின் கிளினிக் நாளை வியாழனுக்கு மாற்றுவிக்க நான் மூன்று கடிதங்கள் எழுத வேண்டியிருந்தது. அம்மாள் ஒரு சொல்லில் முடித்த வேலை!

போகும்போது என் மனதில் கிடந்ததையும் கேட்டுவிட்டேன். "ஏன் எல்லாரிட்டயும் இரிக்கான் எண்டு சொல்றீங்க?" தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். "தெய்வம் நிக்கக்குள்ள வாயில என்ன வாறதெண்டு எனக்குத் தெரியா. ஆனா புள்ள, என்ட மகனப் பத்தி வேற ஒராளிட்டக் கேக்கப் போனன் நானும். இரிக்கான் எண்டுதான் சொன்னாங்க. அண்டைக்கு மட்டும் வயிறு நிறையச் சோறு திண்டன்." அதற்கு மேல் எனக்கு அவரிடம் கேள்வி இருக்கவில்லை.

2016 இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. காணாமல் போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க விருப்பமில்லாத குடும்பம், அவர் இல்லாதிருக்கின்றார் என்பதற்கான சான்றிதழ் எடுத்துக் காணி, கொடுப்பனவு போன்ற அலுவல்களைத் தொடரலாம். காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டமும் அதே ஆண்டு வந்து, 2018 இல் அலுவலகம் இயங்கத் தொடங்கியது. அந்த அலுவலகத்தில் நம்பிக்கை இல்லை என்று வீதியில் இருந்து போராடும் தாய்மார் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் அக்காவுக்கு அந்தச் சான்றிதழ் பொருந்தியது. செத்துப்போனார் என்று கையெழுத்துப் போட அவருக்கு ஏலாது. "இல்லாதிருக்கிறார் எண்டதுக்குப் போடலாம். அது பொய்யில்லத்தானே மிஸ்" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு நேரே கோயிலுக்குப் போய் அந்தக் கடுதாசியை அம்மாளின் காலடியில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். இப்போதும் செவ்வாய்க்குச் செவ்வாய் போகின்றார். வியாழன் கிளினிக்கும் தவறுவதில்லை.

என் அம்மா வாக்குக் கேட்கப் போவதை எப்போது நிறுத்தினார் என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்டதில்லை. சனிக்கிழமைக் கோப்பையும் எப்போதோ நின்றுபோயிற்று. போன வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திக்குப் போகவேண்டும் என்றார். முழங்கால் வருத்தம், தனியே போக முடியாது. பல வருடங்களுக்குப் பிறகு நானும் கூடப் போனேன். சனத்துக்குள் நெரிபட்டு, குளிர்த்தித் தண்ணீரைப் போத்தலில் வாங்கிக்கொண்டு, விடியும் நேரம் நடந்து வந்தோம்.

"மாமாவப் பத்தி அம்மாளிட்டக் கேட்டீங்களா?" என்றேன்.

"நான் என்னத்தக் கேக்கிற? இவ்வளவு காலமும் கேட்டாச்சி" என்றார் அம்மா. "அவன்ட பேரச் சொன்னன். அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்ததும் போத்தலைத் திறந்து எனக்கும் ஒரு மிடறு தந்தார். மஞ்சளும் வேப்பிலையும் மணத்தது. மீதியை மாமாவின் படத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் படுக்கப் போனார்.